கீழே கயிறு பிடித்தவன்

ஹளெகானு
11 ஜூன் 2009

கெரியா,

எப்படி அழைத்துத் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன். அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. ஒன்றும் இல்லாமல் தொடங்கினால் வாரண்ட் மாதிரி இருக்கிறது. பெயரை மட்டும் எழுதிவிட்டேன்.

நான் மஞ்சய்யா. நீ கொன்ற மாஸ்தியின் அண்ணன். பத்தொன்பது வருடம் பாக்குத் தோட்டங்களில் நான் மேலே ஏறிக் குலை வெட்ட, நீ கீழே கயிறு பிடித்தாய். பதினைந்து வருடமாக நமக்குள் பேச்சு இல்லை. இப்போதும் நானாகத் தேடிப்போய் எழுதவில்லை. உன் ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சாயத்துக்கு ஒரு காகிதம் வந்தது. உனக்கு உடம்பு தேறிப் பல வருடம் ஆகிறதாம். புத்தி கலங்கிச் செய்தது, அதனால் குற்றவாளி இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டதால் ஜெயிலுக்கும் அனுப்ப முடியாதாம். உறவினரோ நண்பரோ ஒருவர் வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் விடுவார்களாம். யாரும் போடாவிட்டால் அங்கேயே இருக்க வேண்டியதாம்.

செயலாளர் உன் பெரிய மகனைக் கூப்பிட்டார். அவன் காகிதத்தைத் தொடவே இல்லை. "எங்களுக்கு அப்பா இல்ல சார். வேற யாருக்காவது குடுங்க" என்றான். தண்ணீர்க் குழாய் உடைந்த விஷயமாகச் சண்டை போட நான் அங்கே போயிருந்தேன். "குடு, நான் படிக்கறேன்" என்று வாங்கினேன். சந்தையில் சாமான் கட்டி வந்த பேப்பரைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றவன் நான். சர்க்கார் காகிதம் படிக்க எனக்கு யாரும் வேண்டியதில்லை.

கையெழுத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் என் வழக்கு ஒன்று இருக்கிறது.

உன் கேஸ் நடந்தபோது நான் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சொன்னார்: இந்த ஆளுக்கு இரண்டு வருடமாகவே காதில் குரல்கள் கேட்டிருக்கின்றன. இரண்டு வருடம்! அந்த இரண்டு வருடமும் நான் எங்கே இருந்தேன்? அறுபது அடி உயரத்தில், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிக்கொண்டு இருந்தேன். கயிற்றின் மேல் நுனி என் இடுப்பில், கீழ் நுனி உன் கையில். நீ வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்திருந்தால் என்னைப் பொறுக்கி எடுக்கக் கூடை கொண்டுவர வேண்டியிருந்திருக்கும்.

"பைத்தியத்தை நம்பி மரம் ஏறினவன்" என்று ஊரில் என்னைக் கேலி செய்கிறார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஒரு குலைகூடத் தரையில் விழுந்து சிதறவில்லை. எல்லாவற்றையும் நீ கயிற்றிலேயே வாங்கி இறக்கினாய். அதை நான் கோர்ட்டிலும் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

எனக்கு உறைப்பது வேறு. வீட்டில் நடந்தது, வயிற்றுவலி, பெண்டாட்டி சண்டை எல்லாம் என்னிடம் சொல்வாய். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என் தம்பி இன்று இருப்பான்.

பதில் எழுது. மழுப்பாதே.

மஞ்சய்யா கௌடா


மனநல ஆஸ்பத்திரி, ஆறாம் வார்டு
2 ஜூலை 2009

மஞ்சண்ணாவுக்குக் கெரியா வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஹொசமனி மேடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் கடிதங்கள், ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர். "பதினஞ்சு வருஷத்துல உனக்கு வந்த முதல் லெட்டர் கெரியா, டீ வாங்கிக் குடு" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

என் எழுத்துக் கோணலாக இருக்கும். இங்கே வந்துதான் கற்றேன்.

நான் இங்கே சமையல்கட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் சோள ரொட்டி தட்டுவது என் வேலை. முதலில் சமையல்காரர் பசப்பா சிரித்தார். "மலைநாட்டுக்காரனுக்கு ரொட்டி என்னப்பா தெரியும், உங்க ஊர்ல அரிசி மழையிலயே வெந்துடுமே" என்பார். இப்போது அவரே விடுப்பில் போனால் என்னிடம்தான் அடுப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாத்திரை காலையில் ஒன்று, இரவில் இரண்டு. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், கையெழுத்துக்காக நான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "அவர் கேட்டிருக்கார், நீ சொல்லு" என்றார்.

அண்ணா, நான் சொன்னேன்.

1992ல், கோடை முடியும் சமயம், ஹெக்டேயவர் தோட்டத்தில். மதியம் அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் உங்களிடம், "அண்ணா, ஓடைப் பக்கம் யாரோ என் பேரச் சொல்லிக்கிட்டே இருக்காங்க, உங்களுக்குக் கேக்குதா?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "உன் பேரச் சொல்றதுக்கு ஓடைக்கு வேற வேலை இல்லையாடா? இன்னும் ரெண்டு வாய் தின்னு" என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

குறையாக எழுதவில்லை. நீங்கள் மழுப்பாதே என்று எழுதியிருந்தீர்கள்.

கயிற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரல்கள் ஒருநாள் இழு, இழு என்றன. மதியம் முழுக்க விடவில்லை. நான் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து, "தூங்குறியாடா சோம்பேறி?" என்று திட்டினீர்கள். உங்களுக்கு அது ஞாபகம் இருக்கலாம்.

மாஸ்தியண்ணனிடம் அப்படிச் செய்ய என்னால் முடியவில்லை. அந்தச் சமயம் எனக்குப் பத்து நாளாகத் தூக்கமே இல்லை. மழைக்கு முன்னால் பாக்குக்கு அடிக்கும் மருந்தை அவர் ஓடையோரம் டிரம்மில் கலக்கிக்கொண்டிருந்தார். மயில்துத்தம், சுண்ணாம்பு. நானே நூறு தடவை கலக்கியது. ஆனால் அன்று அந்த நீலத் தண்ணீர் ஓடையில் இறங்கி ஊர் மொத்தத்தையும் கொல்லப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உங்களுக்கு இப்போது இந்தக் காகிதம் தெரிவது எப்படியோ அப்படித் தெரிந்தது. கையில் அரிவாள் இருந்தது. முடிந்ததும், "ஊரைக் காப்பாத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நானாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்துபோனேன்.

இங்கே வந்து எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு ஒருநாள் காலையில்தான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அந்தக் காலையை எழுத எனக்கு வராது.

நோய் செய்தது என்று கோர்ட் எழுதியிருக்கிறது. அரிவாள் பிடித்தது இந்தக் கை. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் முந்நூறு பேருக்குமேல் இருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் ஓர் எறும்பைக்கூட மிதித்தவர்கள் இல்லை. என்னையும் அவர்களையும் வெளியே ஒரே பெயரால் அழைப்பார்கள். அவர்களுக்கு அது நான் செய்த இன்னோர் அநியாயம்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கெரியா


ஹளெகானு
9 செப்டம்பர் 2009

கெரியா,

மழை பலமாக இருந்தது, தபால்காரர் வரவில்லை. இது பொய். தபால்காரர் தினமும் வந்தார்.

நான் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஞாபகம் இல்லை. ஹெக்டேயவர் தோட்டத்துக்குப் போய், நாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அட்டை நாலு கடித்தது, ஞாபகம் வரவில்லை. ஆனால் "இன்னும் ரெண்டு வாய் தின்னு" என்பது என் பேச்சுதான். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆகவே என் வழக்கு தள்ளுபடி. நானே தள்ளினேன்.

இதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

கையெழுத்துப் போட முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. இருந்தாலும் செய்தி கசிந்து, கூட்டுறவுச் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தலைவர் தொடங்கினார்.

"என்ன மஞ்சய்யா, பைத்தியத்தைக் கூட்டிட்டு வந்து ஊர்ல விடப்போறியாமே?"

"பைத்தியம் இல்ல. வியாதி. மாத்திரை சாப்பிடறான். உனக்குச் சர்க்கரை இருக்கே, அந்த மாதிரி."

"என் சர்க்கரை யாரையும் வெட்டலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான், எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு சிவராய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒருதடவ ரத்தம் பாத்த கை, சும்மா இருக்காது" என்றான். சிவராய்! எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"உன் கை பாக்காத ரத்தமா சிவராயா? வேலிய ஒரு முழம் தள்ளிப் போட்டான்னு பங்காளிய மண்வெட்டியால அடிச்சுக் கொன்னியே, உன் காதுல எந்தக் குரல் கேட்டுது? நல்ல புத்தியோட, காலையில காபி குடிச்சிட்டுத்தானே போன? பத்து வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வந்த. இப்ப நீ இந்தச் சங்கத்துக்கு டைரக்டர். உன் பக்கத்துல உக்காந்துதான் நான் டீ குடிக்கறேன். யாராவது எந்திரிச்சுப் போனோமா?"

சிவராய் எழுந்து என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே, "அது சரிதான்" என்றான். அதற்காக அவனை மதிக்கிறேன்.

இந்த ஊரில் என் காலத்தில் மூன்று கொலை நடந்திருக்கிறது. இரண்டைச் செய்தவர்கள் புத்தி தெளிவாக இருந்தவர்கள். அதனால் புத்தி தெளிவாக இருக்கிறவனைப் பார்த்து யாரும் கதவைச் சாத்துவதில்லை. இதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்கிறேன். மிளகு மூட்டைகள் இருந்தன. வாசனை போகக் கொஞ்ச நாள் ஆகும்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. என் முழங்காலைப் பற்றி நீ கேட்டதைப் படித்தபோதுதான் கையெழுத்துப் போடுவதென்று முடிவு செய்தேன். காரணம் கேட்காதே.

மஞ்சய்யா கௌடா


ஆறாம் வார்டு
25 செப்டம்பர் 2009

மஞ்சண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். பசப்பா, "என்னய்யா, ரொட்டியெல்லாம் உலக வரைபடம் மாதிரி வருது?" என்றார்.

நான் வரமாட்டேன் அண்ணா.

உங்கள் வீடும் மாஸ்தியண்ணன் வீடும் ஒரே முற்றம். அவர் மனைவி காலையில் கதவைத் திறந்தால் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவரைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் சங்கத் தலைவர் இருக்கிறார், சிவராய் இருக்கிறார், மிளகு மூட்டைகூட இருக்கிறது. அவர் இல்லை.

அவர் பெயரை எழுதக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் அது கடைசி வார்த்தை. அவருக்கு வற்புறுத்தலாக எதுவும் சொல்லாதீர்கள். நீங்கள் பிடிவாதக்காரர் என்று எனக்குத் தெரியும். இதில் நான் உங்களைவிடப் பிடிவாதம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். அது முக்கால்வாசி உண்மை. மழை சத்தம் மட்டும் இல்லை. இங்கே மழை பெய்வதே ஏதோ விருந்தாளி வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவது மாதிரிதான்.

கெரியா


ஹளெகானு
20 அக்டோபர் 2009

கெரியா,

என்னைவிடப் பிடிவாதம் என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு உன்னோடு பேசக்கூடாது என்று ஒரு வாரம் இருந்தேன். பிறகு, எப்படியும் நாம் பேசிக்கொள்வதில்லையே என்று தோன்றியது.

மாஸ்தி பெண்டாட்டி பங்காரியிடம் போனேன். அறுவடை வருகிறதே, பாக்குக் காயவைக்க முற்றத்தைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள்.

"பாவா, காலை எடுங்க. ஈரம்."

"பங்காரி, ஒரு விஷயம்."

"தெரியும். ஊரே பேசுது. என்கிட்ட மட்டுந்தான் யாரும் சொல்லல."

"நீ என்ன சொல்ற?"

"நான் சொன்னா நீங்க கேக்கப்போறீங்களா?"

"மாட்டேன். ஆனா அவன் கேக்கறான்."

அவள் மெழுகுவதை நிறுத்தினாள். "என்னைக் கேக்கணும்னு அவனா சொன்னான்?"

ஆமாம் என்றேன். உன் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னாள். நான் படித்தேன். அவள் சாணிக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். டிரம் பக்கம் நடந்ததை எழுதியிருக்கிறாயே, அதை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு கேட்டாள்: "அவரு கடைசியா ஏதாவது சொன்னாரா? அது இதுல இல்லையே. அவன்கிட்டக் கேளுங்க. கோர்ட்ல யாரும் கேக்கல."

ஆகவே கேட்கிறேன். மழுப்பாதே.

அதற்கப்புறம் அவள் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னதை, மாற்றாமல் எழுதுகிறேன்.

"மன்னிக்கச் சொல்லாதீங்க பாவா, அது என்கிட்ட இல்ல. நம்பச் சொல்லாதீங்க, அதுவும் இல்ல. வரட்டும். மாத்திரை என் வீட்டுல இருக்கும். காலைலயும் ராத்திரியும் என் முன்னாடி முழுங்கணும். வாயத் தொறந்து, நாக்கத் தூக்கிக் காட்டணும். ஒரு வேளை தப்புனா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவேன். அழுதாலும் விடமாட்டேன்."

"நான் இருக்கேனே, நான் பாத்துக்க மாட்டேனா?" என்றேன்.

"நீங்களா? கண்ணாடி எங்கன்னு தேடவே உங்களுக்கு மத்தியானம் ஆயிடுது."

இது எனக்கு அவமானம். இருந்தாலும் எழுதியிருக்கிறேன்.

மஞ்சய்யா கௌடா


ஆறாம் வார்டு
4 நவம்பர் 2009

மஞ்சண்ணாவுக்கு. இதைப் பங்காரம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மாஸ்தியண்ணன் என்னைப் பார்த்ததும் மருந்து கலக்கும் குச்சியை நிறுத்தினார். "வா கெரியா, சுண்ணாம்பு கம்மியா இருக்கா பாரு" என்றார். முகம் சாதாரணமாக இருந்தது. அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல நேரம் இருக்கவில்லை. பயப்படவும் நேரம் இருக்கவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதினைந்து வருடமாக யாரும் கேட்காததால் என்னிடமே இருந்தது.

பங்காரம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம். நாக்கைத் தூக்கிக் காட்டுவது இங்கே தினமும் செய்வதுதான், பழக்கம் இருக்கிறது. அவர் முன்னால் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

மேடம் காகிதங்களை அனுப்புகிறார். பசப்பா எனக்கு ஒரு ரொட்டிப் பலகை தந்திருக்கிறார். "அந்த மழைக்காட்டுல சோளம் கிடைக்குமா?" என்று கவலைப்படுகிறார். நான் கவலைப்படவில்லை. எனக்கு இப்போது சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

கெரியா


ஹளெகானு
18 பிப்ரவரி 2010

மஞ்சண்ணாவுக்குக் கெரியா வணங்கி எழுதுவது.

நீங்கள் மகள் வீட்டில் இருப்பதால் அங்கேயே எழுதுகிறேன். நான் ஊருக்கு வந்து முப்பத்தோரு நாள் ஆகிறது. அதில் கடைசிப் பதினோரு நாள் நீங்கள் இங்கே இல்லை. என்னைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டவர் என்னைவிட்டு ஓடிப்போனார் என்று மேடத்துக்குத் தெரிந்தால் எனக்கு மாத்திரை கூட்டச் சொல்வாரா, உங்களுக்கா என்று தெரியவில்லை.

அன்று நான் பரணில் கூடை தேடத்தான் ஏறினேன். உங்கள் பழைய கம்பளி மூட்டையாக இருந்தது. தூக்கினால் கனம். பிரித்தேன். நாலு அரிவாள், இரண்டு சமையல் கத்தி, ஒரு கத்தரிக்கோல், பங்காரம்மாவின் தேங்காய்த் துருவி. நான் கம்பளியோடு இறங்கும்போது நீங்கள் வாசலில் நின்றீர்கள். "மகளுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினீர்கள். மறுநாள் பங்காரம்மா போன் செய்தார். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் இல்லை.

எனக்கு வருத்தம் இல்லை அண்ணா. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என்னைக் குறித்து எனக்கே கொஞ்சம் பயம் உண்டு. அந்தப் பயம் இருப்பதால்தான் மாத்திரை ஒரு வேளையும் தப்புவதில்லை. நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. அதை ஒளித்துவைத்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்திருந்தீர்களே, அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு வருடம் அப்படி இருந்திருக்கிறேன்.

பங்காரம்மாவிடம் துருவியைக் கொடுத்தேன். இரண்டு வாரமாக அதைத் தேடி என்னைத் தவிர ஊரில் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். எங்கே இருந்தது என்றதும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், நான் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஓடியே போயிட்டாரா? எழுபத்திரண்டு வயசுல?"

"காய்ச்சல்னு சொல்லிட்டுப் போனார்."

"காய்ச்சல் அவருக்குத்தான். நான் நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். தினம் பாக்கறேன். பாத்துட்டு நிம்மதியாத் தூங்கறேன். அவரு நம்பறேன் நம்பறேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு, விடிய விடிய இருமிக்கிட்டு உக்காந்திருக்காரு. வாயத் தொற, நாக்கத் தூக்கு. சரி. போய் ரொட்டி தட்டு."

இதுதான் இங்கே தினமும் நடக்கிறது. நாலடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். இப்போது அளப்பதில்லை. சோளமாவு உங்கள் மகள் ஊர் சாகரத்திலிருந்து வருகிறது. சிவராய் ஒருநாள் வந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, கெட்டியாக இருக்கிறது என்று குறை சொன்னான். என் இளைய மகன் வேலிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பேசினான். ரொட்டி நீட்டினேன், வாங்கிக்கொண்டான். பெரியவன் வரவில்லை.

மார்ச் 2, செவ்வாய்க்கிழமை, தாலூகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வரும் நாள். பொறுப்பாளரும் கூட வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. நீங்கள் வராவிட்டால் பங்காரம்மா வருகிறேன் என்கிறார். ஆனால் கையெழுத்து உங்களுடையது.

கம்பளியை மடித்து உங்கள் கட்டிலில் வைத்திருக்கிறேன்.

கெரியா


சாகரம்
24 பிப்ரவரி 2010

கெரியா,

மகளுக்குக் காய்ச்சல் என்றது பொய். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. துருவியை ஒளித்தது மட்டும் அதிகப்படி. அதை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பங்காரியிடம் சொல்லத் தேவையில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட்டபோது, "உங்க தம்பியக் கொன்னவர் இவர். உங்களுக்குப் பயம் இல்லையா பெரியவரே?" என்று கேட்டார். "எனக்கா? பயமா?" என்றேன். அங்கே இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது நிஜமாகவே பயம் இல்லை.

நீ வந்த மூன்றாம் நாள் காலையில் சமையல்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். ஏதோ மெதுவாகப் பாடிக்கொண்டும் இருந்தாய். அவ்வளவுதான் நடந்தது. எனக்குக் கைகால் எல்லாம் நடுங்கிப்போயிற்று. அறுபது அடி மேலே ஒருநாளும் நடுங்காத கால். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பி, "அண்ணா, காபி வைக்கட்டுமா?" என்றாய். வை என்றேன். குடித்தேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நீ ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ நல்லவன், உனக்கு வியாதி அடங்கியிருக்கிறது, சட்டம் உன் பக்கம், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நானே நாலு பேருக்குப் பாடம் எடுத்தவன். என் காலுக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவில்லை. யாரிடம் சொல்வது? சங்கத்தில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இங்கே வந்தால் சரியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நேற்று மகள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க நாலு நாளாத் தூங்கவே இல்ல. தனியாப் பேசிக்கறீங்க."

"நான் எப்பவும் தனியாத்தான் பேசுவேன். பேசினா எவன் கேக்கறான்?"

"நான் கேக்கறேன், சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மருமகன் சிரிக்கப் பார்த்தான், ஒரு பார்வை பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். உனக்கும் இப்போது எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் பசித்தது. இரண்டு தோசை சாப்பிட்டேன்.

அரிவாள்களை அதது இருந்த இடத்தில் மாட்டிவிடு. என் கண்ணில் படும்படி மாட்டு. நான் திரும்பி வரும்போது நடுங்கினால் நடுங்கட்டும்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நேராகத் தாலூகா ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பங்காரியையும் கூட்டிக்கொண்டு வா, எனக்குக் கண்ணாடி எங்கே என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த டாக்டரிடம் கூட்டம் அதிகம் என்கிறார்கள், ஆகவே சீக்கிரம் போய் டோக்கன் எடு. இரண்டு எடு. ஒன்று எனக்கு. பெயர் மஞ்சய்யா கௌடா, வயது எழுபத்திரண்டு. மஞ்சா என்று எழுதிக் கூப்பிட்டால் எழுந்து வரமாட்டேன்.

உன் நம்பருக்கு முந்தின நம்பராக எடு. நான் மூத்தவன்.

மஞ்சய்யா கௌடா